மட்டாஞ்சேரியிலிருந்து போன மெயில் எங்கே நின்றது?

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில், 1957-ல் தொடங்கிய இந்திய மிளகு, வாசனைப்பொருள் வணிகச் சங்கத்தின் கூடத்தில் ஒரு காலத்தில் மிளகு விலையைக் கூவித்தான் சொன்னார்கள். காதில் விழுந்ததா என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமில்லை. இன்று அதே வட்டாரத்துப் பண்டகசாலைகளிலிருந்து ஹாம்பர்க்குக்கும் நியூயார்க்குக்கும் விலை போவது மின்னஞ்சலில். எதிர்முனையில் அது விழுந்ததா என்பது அனுப்பியவருக்குத் தெரிவதில்லை. திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தால், தபால் நம் அலுவலகத்து சர்வரிடம் சேர்ந்துவிட்டது என்றுதான் பொருள். அதற்குமேல் அது எதையும் சொல்லவில்லை.

அங்கிருந்து நம் சர்வர் வாங்குபவரின் சர்வரைத் தேடிப்போய்க் கதவைத் தட்டுகிறது. இருவரும் பேசிக்கொள்ளும் முறை எஸ்.எம்.டி.பி.; 1982-ல் எழுதப்பட்ட அதன் அடிப்படை இன்னும் மாறவில்லை. பதில் மூன்று இலக்க எண்ணாக வரும். 2-ல் தொடங்கினால் வாங்கிக்கொண்டேன், 5-ல் தொடங்கினால் வாங்கமாட்டேன், 4-ல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா.

5 வந்தால் 'பவுன்ஸ்' கடிதம் உடனே திரும்பிவிடும். முகவரியில் எழுத்துப்பிழை என்று தெரிந்து திருத்தலாம். வில்லங்கம் 4-ல்தான் இருக்கிறது. எதிர்முனைப் பெட்டி நிரம்பியிருக்கலாம், நம் சர்வரை அவர்கள் இன்னும் நம்பாமல் இருக்கலாம். நம் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். பலரும் பயன்படுத்தும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள், யாரும் மாற்றாவிட்டால், 5 நாள் இப்படி முயலும். 'தாமதமாகிறது' என்று அனுப்பியவருக்குச் சொல்லும் வசதி அதில் உண்டு, ஆனால் அணைத்த நிலையிலேயே வருகிறது! தினம் மாறும் மிளகு விலைக்கும், கப்பல் நிறுவனம் திருத்தம் கேட்டு அனுப்பிய பில் ஆஃப் லேடிங் வரைவுக்கும் 5 நாள் என்பது யுகம். அந்தத் தாமத அறிவிப்பை மட்டும் 4 மணி நேரம் என்று மாற்றிவைத்தாலே பாதித் தலைவலி குறையும்.

இதே பொறுமைக்கு நல்ல முகமும் உண்டு. ஆடி மழையில் கரண்ட் போய் நம் சர்வர் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டால், வரவேண்டிய கடிதங்கள் தொலைவதில்லை. அனுப்பியவர்களின் சர்வர்கள் காத்திருந்து பிறகு தருகின்றன.

2 என்று பதில் வந்தாலும் கடிதம் ஸ்பேம் பெட்டியில் போய்ப் படுத்திருக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கெடுபிடியாகிவிட்டது. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ஆகிய அடையாளச் சான்றுகளில் ஒன்றாவது எல்லோருக்கும் வேண்டும். நாளுக்கு 5,000 கடிதங்களுக்குமேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்கு இரண்டும் வேண்டும், சான்று தவறினால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் வேண்டும். எங்களுக்கு சர்வரே இல்லை, கூகுளுக்குப் பணம் கட்டுகிறோம் என்பவர்களும் தப்ப முடியாது, ஏனென்றால் இந்தச் சான்றுகள் டொமைனில் பதியவேண்டியவை, டொமைன் அவர்களுடையது. இன்வாய்ஸ் போடும் மென்பொருள் வேறு சர்வரிலிருந்து அனுப்பும். எஸ்.பி.எஃப். என்பது நம் டொமைன் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல்; பல சமயம் அதன் பெயர் அதில் இருக்காது. சாதாரணக் கடிதங்களெல்லாம் ஒழுங்காகப் போகும், பணம் கேட்கும் கடிதம் மட்டும் காணாமல் போகும்.

இன்னொரு வகை விபத்து ராத்திரியில் நடக்கும். யாரோ ஓர் ஊழியரின் பாஸ்வேர்டு திருடுபோய், விடிவதற்குள் நம் சர்வர் வழியாக ஆயிரக்கணக்கில் குப்பைக் கடிதம் போய்விடும். ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியலில் நம் ஐபி எண் ஏறிவிடும். காலையில் அனுப்பும் விலைப்பட்டியல்கள் வரிசையாகத் திரும்பும். கம்ப்யூட்டர் சர்வீஸ்காரருக்கு அன்று நல்ல வசவு.

இந்தக் கோளாறுகளில் பலவற்றுக்கு முதல் அறிகுறி வரிசையின் நீளம்தான். வழக்கமாகப் பத்து இருபது கடிதம் நிற்கும் இடத்தில் திடீரென்று ஐந்நூறு நின்றால் ஏதோ கோளாறு. அடுத்தது லாக் கோப்பு. மறுப்புகளை எந்த டொமைன் சொன்னது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். எல்லோரும் மறுத்தால் முதல் சந்தேகம் நம் பக்கம். ஒரே நிறுவனம் மட்டும் மறுத்தால், அது நம்மைப் பற்றி என்ன நினைக்கிறது என்று விசாரிக்கவேண்டும். ஸ்பேம் பெட்டியில் விழுவதை மட்டும் லாக் காட்டாது. அதற்கு ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் ஒவ்வொரு கணக்கு வைத்து, கால் மணிக்கொருமுறை சோதனைக் கடிதம் அனுப்பி, எந்தப் பெட்டியில் எத்தனை நிமிடத்தில் விழுந்தது என்று ஒரு நிரல் பார்க்கட்டும். அந்த நிரல் வேறு இடத்தில் ஓடவேண்டும், எச்சரிக்கை எஸ்.எம்.எஸ்.ஸில் வரவேண்டும். மெயில் நின்றுவிட்டது என்ற செய்தியை மெயிலில் அனுப்பும்படி அமைத்துவைத்த அலுவலகங்கள் உண்டு.