ஊர் வழியா போகும் மெட்ரோ... ஊரில் நிற்குமா?
ஸ்டேஷன் இடம் முடிவாகும் முன் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

‘மெட்ரோ ரயில் வரப்போகுது’ என்று பேச்சு கிளம்பினாலே, அந்தப் பக்கத்தில் மனை விலை ஏறிவிடும். புரோக்கர்கள் வரைபடத்தோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆனால், ரயில் ஊர் வழியாகப் போவது வேறு. ஊரில் நிற்பது வேறு. பாதைக்கும் தூணுக்கும் நிலம் கொடுத்த கிராமத்துக்கு ஸ்டேஷன் நாலு கிலோமீட்டர் தள்ளி அமைந்தால், அந்த ஊருக்குக் கிடைப்பது ரயிலின் சத்தம் மட்டும்தான்.

சென்னை மெட்ரோ இப்போது புறநகரைத் தாண்டி கிராமங்களை நோக்கி நீள்கிறது. பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரையிலான நீட்டிப்புக்குத் தயாரான விரிவான திட்ட அறிக்கையில், 52.94 கி.மீ பாதைக்கு 20 ஸ்டேஷன்கள். அதில் சுங்குவார்சத்திரம் வரையிலான முதல்கட்டம் 27.9 கி.மீ, அதற்கு மட்டும் 14 ஸ்டேஷன்கள். மீதமுள்ள சுமார் 25 கி.மீ தூரத்துக்கு 6 ஸ்டேஷன்கள்தான். அதாவது, தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் 2 கி.மீ-க்கு ஒன்று, வயல்வெளி நிறைந்த பகுதியில் 4 கி.மீ-க்கு ஒன்று. நகரத்தை ஒட்டிய விமான நிலையம்-கிளாம்பாக்கம் நீட்டிப்பிலோ 15.46 கி.மீ-க்கு 13 ஸ்டேஷன்கள். அங்கே சுமார் 1.2 கி.மீ-க்கு ஒன்று வருகிறது.

இடம் எப்படி முடிவாகிறது?

முதல் கணக்கு, எத்தனை பேர் ஏறுவார்கள் என்பது. ஒருவர் பத்து நிமிடம், அதாவது முக்கால் கிலோமீட்டர் வரை நடந்து வருவார். அதற்குள் எத்தனை வீடு, கம்பெனி, கல்லூரி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இரண்டாவது, நேரம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வேகம் குறைத்து, நின்று, மறுபடி கிளம்ப ஏறக்குறைய ஒரு நிமிடம் கூடுதலாகும். ஸ்டேஷன்கள் கூடினால் கடைசி ஊர்க்காரருக்குப் பயணம் நீளும். மூன்றாவது, நிலத்தின் அமைப்பு. நடைமேடைக்கு வளைவும் ஏற்ற இறக்கமும் இல்லாத நேரான இடம் வேண்டும். சாலையின் இரு பக்கமும் படிக்கட்டு, லிஃப்ட், வண்டி நிறுத்த இடமும் வேண்டும். நான்காவது, செலவு. சுரங்க ஸ்டேஷனுக்கு ஆகும் செலவு மேம்பால ஸ்டேஷனைவிடப் பல மடங்கு. அதனால்தான் புறநகரில் பெரும்பாலும் நெடுஞ்சாலையை ஒட்டி, தூண்கள் மேல் பாதை போகிறது.

இந்தக் கணக்கில் வீடுகள் சிதறிக் கிடக்கும் விவசாயக் கிராமம் எப்போதும் பின்தங்கும். ஆனால், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், கம்பெனிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பெண்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வயதானவர்கள் என்று பத்துக் கிராமத்தைச் சேர்த்து எண்ணினால் கணக்கு மாறும். அந்த எண்ணிக்கையை ஊர்க்காரர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அதேசமயம், மெட்ரோவில் சரக்குப் பெட்டி கிடையாது. காய்கறி மூட்டை கோயம்பேடுக்குப் போக வேன்தான் துணை.

கிளாம்பாக்கம் சொல்லும் பாடம்

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களிலிருந்து விடிகாலையில் வந்து இறங்கியவர்களுக்கு அங்கே ரயில் நிலையம் இல்லை. மெட்ரோவும் இல்லை. மூட்டை முடிச்சோடு மாநகரப் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். வண்டலூர், ஊரப்பாக்கம் ஸ்டேஷன்களைத் தேடிப் போனார்கள். பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றும் சேரும் இடத்தை முதலிலேயே முடிவு செய்து, ஒரே நேரத்தில் கட்டி முடிக்காவிட்டால் சிரமம் முழுவதும் பயணிகள் தலையில்தான் விழும்.

ஐந்து கிலோமீட்டர் உரிமை

ஸ்டேஷன் ஊருக்குள் வராவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் 2017-ம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை, ஸ்டேஷனின் இரு பக்கமும் 5 கி.மீ வரையுள்ள பகுதிகளுக்கு இணைப்புப் பேருந்து, நடைபாதை போன்ற வசதிகளைத் திட்ட அறிக்கையிலேயே சேர்க்கச் சொல்கிறது. நிலத்தைத் தொடாமல் ஊருக்குப் பயன் கிடைக்கும் வழி இது. ‘எங்கள் ஊருக்கு ஸ்டேஷன்’ என்று மட்டும் கேட்காமல், ‘எங்கள் ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு மினி பஸ்’ என்றும் சேர்த்துக் கேட்கலாம்.

நீர்வழியைப் பாருங்கள்

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள் ஏரிப்பாசனப் பகுதிகள். ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும் சங்கிலி அமைப்பு இது. ஸ்டேஷனுக்கும் பணிமனைக்கும் மண் கொட்டி மேடாக்கும்போது வரத்துக்கால்வாயோ, கலங்கல் வழியோ அடைபட்டால், மேலே இருக்கும் வயலில் தண்ணீர் தேங்கும். கீழே இருக்கும் ஏரி காயும். கால்வாய் எங்கே போகிறது என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். கிராம வரைபடத்தில் அதைக் குறித்து, சர்வே எண்ணோடு மனுவாகக் கொடுப்பது நல்லது.

நிலம் எடுப்பு வந்தால்...

பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மறுத்து ஏகனாபுரம் விவசாயிகள் 2022 முதல் போராடி வருகிறார்கள். நிலம் போவதன் வலியை அந்தப் பகுதிக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மெட்ரோவுக்காக நோட்டீஸ் வந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் என்றால், சமூகத் தாக்க மதிப்பீடு நடக்காது. ஆனால், இழப்பீடு 2013-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் அளவுகோல்படிதான் இருக்க வேண்டும்.

அந்தச் சட்டப்படி, சுற்றுவட்டாரத்தில் முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் அதிக விலையுள்ள பாதியை எடுத்து, அதன் சராசரியைப் பார்ப்பார்கள். அதையும் அரசு வழிகாட்டி மதிப்பையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. கிராமப்புறமாக இருந்தால் 1 முதல் 2 வரையிலான காரணியால் பெருக்குவார்கள். மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பைக் கூட்டி, மொத்தத் தொகைக்குச் சமமான இன்னொரு பங்கையும் ஆறுதல் தொகையாகச் சேர்ப்பார்கள். பத்திரத்தில் விலையைக் குறைத்துப் பதியும் பழக்கம், நாளை ஊர் முழுவதற்கும் இழப்பீட்டைக் குறைக்கும்.

இப்போதே செய்ய வேண்டியவை

* பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட நகலை எடுத்து வையுங்கள். இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால் மாற்றுங்கள்.

* கிணறு, போர்வெல், தென்னை, மா ஆகியவை அடங்கலில் பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபாருங்கள்.

* புரோக்கர் காட்டும் வரைபடத்தை நம்பி அட்வான்ஸ் வாங்காதீர்கள். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். திட்ட அறிக்கையில் இருக்கும் ஸ்டேஷன் இடம்கூட இறுதி வடிவமைப்பில் நகரலாம்.

* ஸ்டேஷன் இடம், இணைப்புப் பேருந்து, கால்வாய் பாதுகாப்பு மூன்றையும் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, கலெக்டருக்கும் மெட்ரோ நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

* நோட்டீஸ் வந்தால், அதில் சொன்ன கெடுவுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள்.

தூண் எழுந்த பிறகு ஸ்டேஷனை நகர்த்த முடியாது. கோடு காகிதத்தில் இருக்கும்போதுதான் ஊர்க்காரர்களின் பேச்சு எடுபடும்.