காப்புறுதிக்காரர் வரைந்த நகரம்

பழைய நகர வரைபடங்களை மறுபதிப்புச் செய்து விற்பது மேல்நாடுகளில் நெடுநாள் வழக்கம். இங்கிலாந்தின் சிறு சந்தை நகரங்களுக்கும் நூறாண்டுக்கு முந்திய படங்கள் கிடைக்கின்றன. ரொறன்ரோவும் இதற்கு விலக்கன்று. இந்நகரின் 1884, 1890ஆம் ஆண்டுப் படத்தொகுதிகள், ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கத்தக்கவாறு, 1984இல் ஒரே நூலாக வெளிவந்தன. 1983 யூலைக் கலவரத்தின் பின் எம்மவர் இங்கு வந்திறங்கத் தொடங்கிய காலமும் அதுவே.

இப்படங்களை வரைவித்தவர் சார்ள்ஸ் எட்வேர்ட் கோட் என்னும் ஆங்கிலேயர். 1875இல் மொன்றியலில் நிறுவனம் தொடங்கி, கனடிய நகரங்களையும் பின்னர் பிரித்தானிய நகரங்களையும் படமாக்கினார். வரலாற்றுப் பற்று அவரை உந்தியதன்று. எந்தக் கட்டடம் எளிதில் எரியும் என்பதைத் தீக்காப்புறுதி விற்போர் அறியவேண்டியிருந்தது. ஆகவே செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள், கல்லுக்கு நீலம் என நிறந்தீட்டினர். காப்புறுதிப் படத்தில் மாற்றம் வேண்டியபோது, புதிய கட்டடத்தைச் சிறு துண்டில் அச்சிட்டுப் பழைய வீட்டின்மேல் ஒட்டினர். அவர்களது அச்சம் வீணன்று: 1904 ஏப்ரில் 19இல் மூண்ட பெருந்தீ நகர நடுவில் ஏறத்தாழ 100 கட்டடங்களை அழித்தது.

பணக் கணக்குக்காக வரைந்த படம், கணக்கில் வராதவர்களின் வீடுகளையும் காத்துவைத்தது என்பதே எம்மைக் கவர்ந்தது. இன்றைய நகரமண்டபம் 1965இல் திறக்கப்பட்டது. அது நிற்கும் இடத்தில் முன்னர் ‘வார்ட்’ எனப்பட்ட ஏழைக் குடியிருப்பு இருந்தது. ஐரிஷ்காரர், யூதர், இத்தாலியர், சீனர் எனப் பலரும் கனடாவில் முதலில் ஒதுங்கிய இடம் அது. நெருங்கிய அவ்வீடுகளை இனிக் காணக்கூடிய இடங்களுள் இத்தாள்களும் ஒன்று.

எம்மவர் பலருக்கு முதற் புகலிடமான சென் ஜேம்ஸ் ரவுணையும் அந்நூலிற் பாருங்கள். வெலெஸ்லி, பார்லிமென்ற் தெருக்களை அண்டிய அப்பகுதியில் தொடர்மாடிகள் இல்லை, வீடுகளே உள்ளன. 1960களில் அவ்வீடுகளை இடித்தே 19 உயர்மாடிகளை எழுப்பினர். பதினைந்தாம் மாடியில் இடியப்பம் அவித்தவர்களில் எத்தனைபேர் கீழே எவருடைய முற்றம் இருந்ததென எண்ணியிருப்பர்?

இக்கேள்வி எம்மை ஊருக்கே இட்டுச் செல்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டோரில் ஒரு பகுதியினருக்கு, போர் முடிந்த 2009இன் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்ற பலர் கண்டது வீடுமில்லை, வேலியுமில்லை. நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலப் படங்கள் வீதியையும் குளத்தையும் கோவிலையும் காட்டும். வேலிகளை அவற்றிற் காணமுடியாது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளிலும் காணி எழுத்தாகவே உள்ளது. உறுதியைப் பிரித்தால், கிழக்கும் வடக்கும் இன்னார் காணி, தெற்கு ஒழுங்கை என்றிருக்கும். அந்த ‘இன்னார்’ இன்று பாரிசிலோ மார்க்கத்திலோ இருக்கலாம், இறந்தும் இருக்கலாம்.

அயலார் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லவல்ல முதியோர் இன்னும் ஸ்கார்பரோவில் இருக்கின்றனர். அவர்களிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துக் கேளுங்கள்: கிணறு எந்த மூலையில், படலை எத்திசையில், ஒழுங்கை எவர் வளவோடு வளைகிறது?