அழிக்கப்பட்ட வேர்

எங்கள் பங்குப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் அறிவியல் ஏட்டை என்னிடம் காட்டினாள். மூன்று அவரை விதைகளை ஒரு குச்சியில் கட்டி, நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தும் சோதனை அதில் வரையப்பட்டிருந்தது. பெற்றோராகிய நீங்களும் பள்ளிப் பருவத்தில் இதைக் கற்றிருப்பீர்கள். மேல் விதையை நீர் தொடாது. நடு விதை பாதி நனையும். அடி விதை முற்றிலும் மூழ்கியிருக்கும். நீரும் காற்றும் ஒருங்கே பெறும் நடு விதையே நன்கு முளைக்கும் என்பது பாடம்.

படத்தில் அடி விதையருகே எதையோ அழித்த தடம் தெரிந்தது. என்னவென்று வினவினேன்.

"சாமி, அதிலும் சின்னதாக வேர் வந்திருந்தது. ஆனால் அது முளைக்காது என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது? அதனால் அழித்துவிட்டேன்" என்றாள்.

அவள் கண்டது பிழையன்று. நீரிலும் சிறிதளவு காற்று கரைந்துள்ளது; மீன்கள் சுவாசிப்பது அதனால்தான். அச்சிறிதளவைக் கொண்டு மூழ்கிய விதையும் சில வேளைகளில் வேர்விடத் தொடங்கும். பின்னர்ப் போதிய காற்றின்றி அழுகிப்போகும். அந்த வேரைக் குறித்து 'ஏன்?' என்று ஒருவர் கேட்டிருந்தால், அழகியதொரு பாடம் பிறந்திருக்கும். குழந்தை கற்றதோ வேறு: கண்டதை மறைத்து, எதிர்பார்க்கப்படுவதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்பதே அது. அறிவியல் வகுப்பிலேயே பொய்க்குப் பயிற்சி தொடங்கலாமா?

இதற்கு மாற்று வழி நம் நாட்டிலேயே நடந்து காட்டப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ஆம் ஆண்டு, இரு தொண்டு நிறுவனங்கள் 16 சிற்றூர்ப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்குச் செய்முறை அறிவியலைத் தொடங்கின. மாணவர் சிறு குழுக்களாக அமர்ந்து தாமே சோதனை செய்தனர். அவர்களது நூலில் வினாக்கள் இருந்தன. ஆயத்த விடைகள் இல்லை. தேர்விலும் நூலைத் திறந்து பார்க்கலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள் வரை பரவிய அத்திட்டம், 2002-இல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது.

1978-இல் அங்குச் சென்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு டியூபின் துண்டுகளால் தீக்குச்சிகளை இணைத்து வடிவங்கள் அமைத்தார். அவ்வாறு செய்த சதுரம் அழுத்தினால் சாயும், முக்கோணம் சாயாது. பாலங்களிலும் கூரைகளிலும் முக்கோணச் சட்டங்கள் ஏன் வருகின்றன என்பதைச் சிறுவனின் விரல்களே உணர்ந்துகொள்ளும். செலவோ சில காசுகள். விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் இல்லையே என்று நாம் வருந்த வேண்டியதில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளை வியப்புடன் ஏதேனும் காட்டும்போது, "புத்தகத்தில் அப்படியா இருக்கிறது?" என்று வாயடைக்காதீர்கள். "நீ என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். விடை தெரியாவிடில், "எனக்கும் தெரியவில்லை, வா, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது.

அன்று சிறுமியிடம் பென்சிலைக் கொடுத்து, அந்த வேரை மீண்டும் வரையச் சொன்னேன். அவள் தயங்கி ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். "நீ கண்டதை வரையம்மா. நாளை வகுப்பில் எல்லாருமாகச் சேர்ந்து பார்ப்போம்" என்றார் அவர். அதன் பின்னரே அந்தச் சிறு கை அசைந்தது.