13 அணிகள், ஒரு கோப்பை

2015 டிசம்பர் 24. வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாட வேண்டிய நேரத்தில், நியூ ஆர்லியன்ஸ் கூடைப்பந்து அணியிலிருந்த இஷ் ஸ்மித்தை பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டார்கள். சில மாதங்களுக்கு முன் தக்கவைத்துக்கொள்ளாமல் அவரை விட்டுவிட்ட அதே பிலடெல்பியாதான். அந்தப் பருவத்தில் 31 ஆட்டங்கள் ஆடி, ஒன்றில் மட்டுமே வென்றிருந்த அணி அது. ஸ்மித் போய்ச் சேர்ந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே இரண்டாவது வெற்றி கிடைத்தது.

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் மிக அதிகமான அணிகளுக்கு, மொத்தம் 13 அணிகளுக்கு, ஆடியவர் என்ற சாதனை ஸ்மித்துடையது. சார்லட் நகரில் பிறந்தவர். உயரம் 6 அடிதான். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்து 2010 டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, வந்தபோது, தேர்வான 60 பேரில் இவர் இல்லை. ஹூஸ்டன் அணி தனியாக அழைத்து ஒப்பந்தம் போட்டது. முதல் 5 பருவங்களுக்குள் 8 அணிகளின் ஜெர்சியைப் போட்டுவிட்டார்.

அங்கே அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ளும்போது, பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம் கேட்பதில்லை. ஷேன் பேட்டியர், ஜே.ஜே. ரெடிக் போன்ற பெயர்பெற்றவர்கள் கைமாறிய பேரங்களில் ஸ்மித்தும் கூடவே போனார். வீடு, நண்பர்கள், பழகிய தெரு எல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் மாறிப்போகும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அவர் ஆடிய பாயிண்ட் கார்டு என்ற இடம். பாயிண்ட் கார்டு என்றால் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர். யாருக்குப் பந்து எந்தக் கையில் வர வேண்டும், யார் எந்த மூலைக்கு ஓடுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். ஒத்திகை இல்லாமல் மேடையேறி, அன்றுதான் சந்தித்த பாடகருக்கு மிருதங்கம் வாசிப்பவரின் நிலை அது. பக்கத்தில் இருப்பவரின் மனசு கொஞ்சம் பிடிபடும்போது, கச்சேரியே வேறு ஊருக்குப் போய்விடும். பழக்கத்தால் வர வேண்டியதை அவர் வேகத்தால் ஈடுகட்டினார். எதிராளி திரும்புவதற்குள் பந்தோடு பாதி மைதானத்தைத் தாண்டிவிடுவார்.

2016இல் டெட்ராய்ட் 3 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. ஒரே ஊரில் 3 பருவங்கள்! படிக்கும்போது எனக்கே மூச்சு வந்தது. பிறகு வாஷிங்டன், 2021இல் சொந்த ஊரான சார்லட், மறுபடி வாஷிங்டன்.

2022இல் டென்வர். அதுதான் 13ஆவது அணி, அவருடைய 13ஆவது பருவம். நிக்கோலா யோகிச் கோலோச்சிய அந்த அணியில் ஸ்மித் பெரும்பாலும் பெஞ்சில்தான். 2023 ஜூனில் மயாமியை 4-1 என்று வென்று டென்வர் தன் முதல் பட்டத்தை எடுத்தது. டிராஃப்டில் யாரும் கூப்பிடாத பெயர், 34 வயதில், சாம்பியன்கள் பட்டியலில் ஏறியது.

அடுத்த பருவம் மறுபடி பெட்டி கட்டினார். இம்முறை சார்லட்டுக்கு.