நிலநடுக்கம்: கணிப்புக்கும் எச்சரிக்கைக்கும் இடையே

பெரிய நிலநடுக்கம் ஒன்று நேரிட்டவுடன் தவறாமல் எழும் கேள்வி, 'இதை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாதா?' என்பது. நாள், இடம், அளவு ஆகிய மூன்றையும் குறித்துச் சொல்லும் கணிப்பு இன்றுவரை எவருக்கும் கைகூடவில்லை. அதற்காக அறிவியல் கைவிரித்துவிட்டது என்று பொருளில்லை. கடந்த கால் நூற்றாண்டில் வளர்ந்துள்ள, குறைந்த அதிர்வெண் நிலநடுக்கங்கள் பற்றிய ஆய்வு அதற்குச் சான்று.

1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் அந்நாடெங்கும் ஆழ்துளைகளில் நூற்றுக்கணக்கான நிலநடுக்கமானிகள் இறக்கப்பட்டன. வாகனங்கள், ஆலைகளின் இரைச்சல் பெரிதும் தணிந்துபோகும் ஆழம் அது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்த கசுஷிகே ஒபாரா, தென்மேற்கு ஜப்பானில் எரிமலைகளே இல்லாத பகுதிகளின் அடியில், ஏறத்தாழ 30 கி.மீ. ஆழத்தில், நாள்கணக்கில் நீடிக்கும் மெல்லிய நடுக்கம் நிகழ்வதை 2002-இல் அறிவித்தார். எண்ணற்ற குறைந்த அதிர்வெண் நிலநடுக்கங்கள் அடுத்தடுத்து நிகழ்வதாலேயே அந்த நடுக்கம் உண்டாகிறது என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வழக்கமான சிறு நிலநடுக்கத்தில் பாறை சட்டென நழுவுகிறது. நொடிக்குப் பத்து முறைக்கும் மேற்பட்ட வேகமான அதிர்வுகள் அதில் மிகுந்திருக்கும். குறைந்த அதிர்வெண் நிலநடுக்கத்திலோ நொடிக்குச் சில அதிர்வுகளே மேலோங்கும். காய்ந்த விறகு முறியும் ஓசைக்கும், கனத்த மரப்பெட்டியைத் தரையில் இழுக்கும் ஓசைக்கும் உள்ள வேறுபாடு இது. மேலே வாழும் மனிதர் எவரும் இதை உணர்வதில்லை.

உணரவே முடியாத ஒன்றுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஒரு புவித்தட்டு மற்றொன்றின் அடியில் புகும் எல்லையில், மேற்பகுதி இறுகப் பூட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பூட்டு திறக்கும்போதுதான் பேரழிவு நிகழ்கிறது. மிக ஆழத்தில், வெப்பத்தால் இளகிய பாறை ஓசையின்றி நகர்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி, சில காலம் நின்று பின்னர் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ மெதுவாக நழுவுகிறது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காஸ்கேடியா பகுதியில் ஏறத்தாழ 14 மாதங்களுக்கு ஒருமுறை இது நிகழ்வதை ஜி.பி.எஸ். கருவிகள் காட்டின. அந்த நழுவலின் ஒலிதான் குறைந்த அதிர்வெண் நிலநடுக்கம். ஒவ்வொரு நழுவலும் மேலே பூட்டிக்கிடக்கும் பகுதியின் மீது சிறிது சுமையை ஏற்றிவிட்டுப் போகிறது. காஸ்கேடியாவில் அந்தப் பூட்டு கடைசியாகத் திறந்தது 1700 ஜனவரியில். அப்போது எழுந்த ஆழிப்பேரலை ஜப்பான் வரை சென்றது.

இது பேரழிவின் முன்னறிவிப்பா என்றால், நிதானம் தேவை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்கில் 9.0 அளவிலான நிலநடுக்கம் நேரிடுவதற்கு முந்தைய வாரங்களில், அது தொடங்கிய இடத்தை நோக்கி மெதுவான நழுவல் நகர்ந்து சென்றிருப்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. காஸ்கேடியாவிலோ எத்தனையோ நழுவல்கள் எதுவும் நேராமல் கடந்துபோயிருக்கின்றன. அபாயம் சற்றுக் கூடியிருக்கிறது என்பதற்கு மேல் இந்த அதிர்வுகள் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை.

இந்த 'சற்று' என்ற சொல்லை ஒரு சமூகம் எப்படிக் கையாள்வது? ஜப்பான் 1978-இல் இயற்றிய சட்டம், டோக்காய் பகுதியின் பெருநிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிக்க முடியும் என்ற நம்பிக்கையில் எழுந்தது. 2017-இல் அந்த நம்பிக்கையை அரசே கைவிட்டது. அதற்குப் பதிலாக, நான்கை பள்ளத்தையொட்டிப் பெரிய அதிர்வோ வழக்கத்துக்கு மாறான மெதுவான நழுவலோ தென்பட்டால், வாய்ப்பு கூடியிருப்பதாக மட்டும் மக்களுக்கு அறிவிக்கும் முறை வந்தது.

2024 ஆகஸ்ட் 8 அன்று 7.1 அளவிலான நிலநடுக்கத்தைத் தொடர்ந்து அந்த அறிவிப்பு முதன்முறையாக வெளியானது. ரயில்கள் சில தடங்களில் வேகம் குறைத்தன. கடற்கரைகள் சில மூடப்பட்டன. பிரதமர் வெளிநாட்டுப் பயணத்தைக் கைவிட்டார். ஒரு வாரத்தில் பேரழிவு நிகழ்வதற்கான வாய்ப்பு சில நூற்றில் ஒன்று என்றே சொல்லப்பட்டது. எதுவும் நேராமல் அந்த வாரம் கடந்தது.

இதை வீண் பதற்றம் என்று ஒதுக்குவது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொன்ன அரசும், அதைக் கேட்டு வீட்டிலுள்ள குடிநீரையும் வெளியேறும் வழியையும் சரிபார்த்துக்கொண்ட குடிமக்களும் ஒரு முதிர்ச்சியைக் காட்டினர். துல்லியமான கணிப்பை மட்டுமே கேட்கும் சமூகம், அறிவியலர் மௌனம் காக்கும்போது வதந்தியாளரிடம் போய்ச் சேரும்.

நமக்கும் இதில் பங்குண்டு. 2004 டிசம்பர் 26 அன்று தமிழகக் கரையைச் சூறையாடிய அலை புறப்பட்டது, இதே வகைப் புவித்தட்டு எல்லையில் உள்ள சுமத்ராவிலிருந்து. அங்குள்ள சிமெலூ தீவின் பவளப் பாறைகள், நிலம் எழுந்ததையும் தாழ்ந்ததையும் தம் வளர்ச்சியில் பதிந்து வைத்திருக்கின்றன. 1829 முதல் 32 ஆண்டுகள் அங்கு ஒரு மெதுவான நழுவல் நீடித்து, 1861-இன் பெருநிலநடுக்கத்தில் முடிந்ததாக அவற்றை ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.

அதே தீவு மற்றொரு பாடத்தையும் தருகிறது. 1907-இல் வந்த ஆழிப்பேரலையை அத்தீவினர் 'ஸ்மாங்' என்ற பெயரில் கதையாகவும் பாடலாகவும் தலைமுறைகளுக்குக் கடத்தினர். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004-இல் நிலநடுக்கத்துக்கு மிக அருகில் இருந்தும், 70,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் ஏழு பேர் மட்டுமே. அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலான அவகாசமிருந்த தமிழகக் கரையில் நாம் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்தோம்.

இன்று ஹைதராபாதில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007 முதல் அது இயங்குகிறது. ஆனால், எச்சரிக்கை வந்தால் எந்தத் தெரு வழியாக எந்த மேட்டுக்குப் போவது என்பது நம் கடலோரக் கிராமத்துக் குழந்தைக்குத் தெரியுமா? கடலடியில் கருவிகளைப் பதிக்கும் ஆய்வுக்கு நிதி ஒதுக்குவது அரசின் கடமை. அதே அக்கறையுடன், ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று நினைவஞ்சலியோடு வெளியேறும் ஒத்திகையையும் ஒவ்வொரு கடலோர ஊரிலும் நடத்தலாம். பூமி தரும் குறிப்புகள் அரைகுறையானவை. அவற்றைப் பயன்படுத்த நம் தரப்பு ஆயத்தமாவது முழுமையாக இருந்தாக வேண்டும்.