கல்லறைகளும் குடிவழி வரலாறும்: மலையகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

குடும்ப வரலாற்றைத் தேடுவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் அறிஞரிடையேயும் உண்டு. மலையகத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர், தம் தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டுமென விதித்தது. லயத்தில் நிகழ்ந்த பழைய பிறப்புகளுக்குச் சான்றிதழ் கிட்டுவது எத்துணை அரிது என்பதைச் சட்டம் இயற்றியோர் அறியாதவரல்லர். பூட்டன் பிறந்த இடத்தை எழுத்திற் காட்ட இயலாமையால் பல இலட்சம் உழைக்கும் மக்கள் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003இலேயே வந்தது. குடிவழி ஆய்வு இங்கு உரிமையோடு பிணைந்த ஒன்றாகும்.

இவ்வாய்வில் கல்லறைக் கல் எவ்வளவுக்கு உதவும்? கினிகத்தேனைக் கணவாயைக் கடந்து அட்டன் வழியே பொகவந்தலாவை செல்வோர் அங்குள்ள புனித மரியாள் தேவாலய வளவில், 1879இல் இறந்த யூலியா மார்கரெட் கமரனின் கல்லறையைக் காணலாம். ஒளிப்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர் அவர். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவிற் பணியாற்றிய அவர் கணவரும் அங்கேயே அடக்கம் பெற்றுள்ளார். அவ்வம்மையார் இலங்கையில் உழைப்பாளர்களைப் படம் பிடித்தார். அவர்களிற் பெரும்பாலோரின் பெயர்களோ குறிக்கப்படவில்லை. படம் எடுத்தவரின் பெயர் கல்லில் நிற்கிறது. படத்தில் நின்றவர்களின் பெயர் எங்குமில்லை. ஜே. பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறைச் சாசனப் பட்டியலும் பெரும்பாலும் ஐரோப்பியரையே கொண்டது. 1976இல் இலண்டனில் தோன்றிய, தென்னாசியக் கல்லறைகளுக்கான பிரித்தானியச் சங்கத்தின் அக்கறையும் அத்தகையதே.

தோட்ட மயானங்களில் நிலைமை வேறு. தேயிலைச் சரிவின் ஓரத்தில் மண்மேடுகளே மிகுதி. மேட்டின்மேல் ஒரு செடி, அல்லது பெயரில்லாத ஒரு கல். பிற்காலத்தவையான சீமெந்துக் கல்லறைகள் சிலவற்றில், சாந்து உலருமுன் ஆணியாற் கீறிய எழுத்துகள் உண்டு. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு நிலைகள் வகுத்த மரபின் வழிவந்தோர்க்கு, ஒரு கல்லும் எழுதுவிக்க வசதியற்றுப்போனமை கூலிமுறையின் விளைவேயாகும்.

உள்ள கற்களையேனும் காலந்தாழ்த்தாது பதிவு செய்தல் வேண்டும். கினிகத்தேனை, வட்டவளைப் பகுதி நாட்டின் மிகுமழைப் பிரதேசங்களுள் ஒன்று. பாசி எழுத்தை மூடும். சலவைக்கல் மழைநீரிற் கரையும். கம்பித் தூரிகையாலோ அமிலத்தாலோ தேய்ப்பது கல்லைக் கொல்வதாகும். நீரும் மென்மையான தூரிகையும் போதும். எழுத்திற் சுண்ணக்கட்டி பூசுவதும் ஆகாது. காலையிலோ மாலையிலோ, ஒளி பக்கவாட்டில் விழும்போது படமெடுத்தால் மங்கிய கீறலும் நிழலால் துலங்கும். நிழல் மிகுந்த இடத்தில் ஒரு கண்ணாடியால் ஒளியைச் சாய்த்து வீழ்த்தலாம். முதலில் முழுக்கல்லையும், பின் எழுத்தையும், பின் அயற்கல்லறைகளோடு சேர்த்தும் எடுக்கவேண்டும். உறவினர் அருகருகே அடக்கப்படுவதால் அயல் என்பதும் ஒரு சான்றே. வாசகத்தை வரி முறிவோடு, பிழை திருத்தாது எழுதிக்கொள்ளவேண்டும். 'பிழை' எனத் தோன்றுவது பேச்சு வழக்காகவும், அதன்வழி பூர்வீக ஊரைக் காட்டும் குறிப்பாகவும் இருக்கலாம். உரியவர்களின் இசைவைப் பெற்ற பின்னரே இவையெல்லாம்.

ஆண்டு எழுதும் முறை தனிக் கவனத்துக்குரியது. 'பார்த்திப ஆண்டு தை மாதம்' என்று மட்டும் ஒரு கல்லில் இருப்பின், அது 1886 ஆகலாம், 1946 ஆகலாம், 2006உம் ஆகலாம். தேதியும் கிழமையும் சேர்ந்திருந்தாற் பஞ்சாங்கத்தால் முடிவு செய்யலாம்; இல்லையேல் கல்லின் வகையும் எழுத்தின் வடிவமுமே துணை.

பெயரோ இன்னும் சிக்கலானது. மேனாட்டார் குலப்பெயரைப் பற்றிக்கொண்டு தலைமுறைகளைத் தொடர்வர். நம்மவர்க்குத் தந்தை பெயரே முன்னெழுத்து; ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறும். ஒரே தோட்டத்துச் செக்ரோலில் பல இராமசாமிகள், பல மீனாட்சிகள். எனவே கல்லிற் கண்ட பெயரைச் செக்ரோல், கத்தோலிக்கராயின் ஞானஸ்நானப் பதிவேடு, கோயில் மணியிலும் குத்துவிளக்கிலும் பொறித்த உபயகாரர் பெயர் ஆகியவற்றோடு ஒப்பிட்டே துணியவேண்டும். 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையின் சீட்டு எந்தப் பெட்டியின் அடியிலாவது கிடப்பின் அது பெறற்கரியது. தொழிலாளியின் கடனை எழுதிய தாளே இன்று அவர் இருந்தமைக்குச் சான்றாகிறது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றவை. ஆகவே எந்தக் காலத்து ஏடு எவரிடம் உள்ளதென்பதை முதலிற் கேட்டறிதல் நலம்.

எழுத்து முற்றாக இல்லாவிடத்து ஒப்பாரி உண்டு. இறந்தவரின் ஊர், உடன்பிறந்தார், கொண்டான் கொடுத்தான் உறவு யாவும் அதில் வரும். முதிய பெண்களிடம் இவற்றைக் கேட்டுப் பதிவதைக் கல்லறைப் படப்பதிவுக்கு அடுத்த பணியாக நாம் வைக்கமாட்டோம்; கல் அவர்களைவிடச் சிலகாலம் கூடுதலாக நிற்கும் ஆதலின், இதுவே முந்தியது. எடுத்த படத்தின் ஒரு பிரதி அக்குடும்பத்துக்கும், மற்றொன்று தோட்டப் பாடசாலைக்கும் சேரவேண்டும். பெயர்ப்பட்டியலைத் தமிழ் அகரவரிசையில், தோட்டமும் பிரிவும் குறித்து இணைத்தல் வேண்டும்.