உங்களுக்குத் தெரியுமா? மைதானத்தை வடிவமைத்தது பனி!

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சோள வயல்களும் மாட்டுப் பண்ணைகளும் சூழ்ந்த எரின் ஹில்ஸ் கோல்ஃப் மைதானத்தின் மேடுபள்ளங்களைப் பெரும்பாலும் புல்டோசர் உருவாக்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் உருகிப்போன பனியாறு விட்டுச்சென்ற நிலம் அது!

• பனியாறு பின்வாங்கியபோது பெரும் பனிக்கட்டிகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்தன. அவை உருகிய இடம் பானை போலக் குழிந்தது. அந்தக் குழிகளுக்கு நிலவியலில் 'கெட்டில்' என்றே பெயர்! ஹர்ட்ஸன், ஃப்ரை, விட்டன் என்ற மூன்று வடிவமைப்பாளர்களும் மண்ணை அதிகம் கிளறாமல், இருந்த சரிவுகளிலேயே ஆட்டப் பாதைகளைத் தேடிப் பிடித்தார்கள்.

• 2006-ல் திறப்பு. 2017-ல் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி. விஸ்கான்சினுக்கு அந்தப் போட்டி வந்தது அதுவே முதல்முறை.

• உறுப்பினர் அட்டை தேவையில்லை. கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். (கட்டணம் என்னவோ மலிவு அல்ல!) ஆனால் வண்டி கிடையாது, மருத்துவக் காரணம் இல்லையென்றால் 18 குழிகளுக்கும் நடைதான்.

• காற்றுதான் இங்கே காவல்காரன், ஆட்டத்தை எளிதாக்க விடாது. 2017 யு.எஸ். ஓப்பனின்போது அது பெரும்பாலும் ஓய்வெடுத்துக்கொண்டது. ஆட்டக்காரர் புரூக்ஸ் கெப்கா 16 அண்டர் பாரில் (நிர்ணயித்த அடிகளைவிட 16 குறைவாக) கோப்பையைத் தூக்கிச் சென்றார்.

• ஊர்ப் பெயரான 'எரின்', அயர்லாந்தைக் குறிக்கும் சொல். இங்கே முதலில் ஏர் பிடித்தவர்களில் ஐரிஷ் குடியேறிகள் ஏராளம்.